கச்சான் வீசும்போது வந்து பார்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
ஆவணி, 2025

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இங்கு நலம். உன் முழங்கால் நோவைத் தவிர மற்ற எல்லாம் அங்கு கனடாவிலும் நலமாக இருக்குமென்று நம்புகிறேன். உன் தங்கச்சியின் தொலைபேசிக்கு நீ அனுப்பிய கடிதத்தையும் ஓய்வூதியத் தாள்களையும் அவள் சந்திக் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்து தந்தாள். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்த பிறகே எழுத உட்கார்ந்திருக்கிறேன். வருகிற தையில் உனக்கு 60 வயது நிறைகிறது, விடியற்காலையில் பனியில் சறுக்கிச் சறுக்கிப் பேருந்துக்கு நடக்க இனி இயலாது, வேலையை விட்டுவிட்டுச் சிறிய ஓய்வூதியத்தோடு வெப்பமான, செலவு குறைந்த ஓர் ஊரில் நீயும் மனைவியும் வாழலாமென்று எண்ணுகிறாய், அது யாழ்ப்பாணமா, திருகோணமலையா, வவுனியாவா, அல்லது வட்டக்கச்சியில் உங்களோடேயா என்று கேட்டிருக்கிறாய். பெற்றவளிடம் இப்படிக் கேட்டால் நாளைக்கே வா என்றுதான் வாய் சொல்லும். ஆனால் 31 வருடம் பிள்ளைகளின் கொப்பி திருத்திய கை, விடையைப் பார்க்குமுன் செய்முறையைத்தான் பார்க்கும்.

கனடா ஓய்வூதியத்தை 60 வயதிலேயே தொடங்கினால் மாதம் 560 டொலர் வரும், இன்றைய மாற்று வீதத்தில் அது ஏறக்குறைய 120,000 ரூபா என்று எழுதியிருக்கிறாய். பெருக்கல் சரி. ஆனால் அந்த 560, நீ 65 வயதுவரை பொறுத்தால் கிடைக்கக்கூடிய 875 இல் 36 வீதம் வெட்டுப்பட்ட மிச்சம் என்பதும், அந்த வெட்டு ஆயுள் முழுவதும் தொடரும் என்பதும் நீ அனுப்பிய தாளிலேயே இருக்கின்றன. நீ அந்த வரிக்குக் கீழே கோடு போடவில்லை, நான் போட்டிருக்கிறேன். 65 இல் தொடங்கும் முதியோர் ஓய்வூதியம், 18 வயதுக்குப் பிறகு 20 வருடமாவது கனடாவில் வாழ்ந்தவருக்கு அவர் எந்த நாட்டில் இருந்தாலும் வருமாதலால் அதைப் பற்றி அச்சமில்லை. 1990 இல் போன உனக்கு, 40 வருடம் வாழ்ந்தவருக்குரிய முழுத்தொகையில் 40 இல் 35 பங்கு கிடைக்கும். வருமானம் குறைந்தவர்களுக்கு அதற்கு மேல் கொடுக்கும் தொகையோ, நாட்டைவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் விலகியிருந்தால் நின்றுவிடும். ஆகவே உனக்கு நெருக்கடியானது 60 க்கும் 65 க்கும் இடைப்பட்ட ஐந்து வருடந்தான், அந்த ஐந்து வருடத்தைத்தான் நீ மிகவும் அவசரமாக எழுதிக் கடந்திருக்கிறாய்.

ரூபாவின் வீழ்ச்சியை நம்பிக் கணக்குப் போடாதே. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ஆனபோது, வெளிநாட்டில் பிள்ளை வைத்திருந்தவர்கள் ஒரு மாதம் மகிழ்ந்தார்கள். அடுத்த மாதம் அரிசிக் கடை அந்த மகிழ்ச்சியை வாங்கிக்கொண்டது. அவ்வருடம் செப்டெம்பரில் விலைவாசி முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. அதையடுத்து வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த கதையை யாரோ உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், சேமிப்பை இங்கே போட்டுவிட்டு வட்டியில் வாழலாமென்று எழுதுகிறாய். இப்போது அந்த வட்டி 8 வீதத்தை அண்டி நிற்கிறது. இந்த வருடம் ஒரு தேங்காய் 200 ரூபாவரை ஏறியது. முதற்பாலும் இரண்டாம் பாலும் எடுத்த பூவை மறுபடியும் சுடுநீரில் போட்டு மூன்றாம் பால் பிழிந்து நான் சொதி வைத்தேன். தங்கச்சி அதைக் குடித்துவிட்டு, அம்மா இது அரிசி கழுவிய தண்ணீரா என்று கேட்டாள்.

என் கணக்கில் உங்கள் இருவருக்கும் வவுனியாவில் வாடகை 30,000, சாப்பாடு 50,000, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, ஓட்டோ, மருந்து எல்லாமாக இன்னொரு 30,000 ஆகும். கலியாணவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா என்று கைநீளும் செலவை நீ எழுதவேயில்லை. ஊரிலிருக்கும் தங்கச்சி கடித உறையில் 1,000 ரூபா வைத்தால் சிரித்து வாங்குவார்கள், கனடாவிலிருந்து வந்தவன் அதே 1,000 ஐ வைத்தால் உறையைத் திருப்பிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் சேர்த்தால் 120,000 போதும், ஆனால் மிஞ்சாது. வீடு கட்டினால் போதவே போதாது.

வீடு என்றதும் காணியைப் பற்றி ஒளிக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. நாங்கள் இருக்கும் காணி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குடியேற்றத்தில் உன் அப்புவுக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. உறுதிக் காணி அன்று. நினைத்தபடி துண்டாக்கவோ விற்கவோ முடியாது, பின்னுரித்தாளரின் பெயரைக் குறிக்கலாம். பெயர் குறிக்காமல் ஒருவர் கண்ணை மூடினால் அந்தச் சட்டம் பெண்பிள்ளைக்கு முன்னே ஆண்பிள்ளையை நிறுத்தி வந்தது. அதனால்தான் நான் பிரதேச செயலகத்துக்கு மூன்று முறை நடந்து தங்கச்சியின் பெயரை எழுதுவித்தேன். 2009 இல் அந்தப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்காலிலிருந்து மெனிக் பாம் முகாம்வரை வந்தவள் அவள். மடிப்பு விழுந்த இடங்களில் மை கரைந்து அப்புவின் பெயரில் இரண்டு எழுத்து இன்றும் இல்லை. உனக்கு மனவருத்தம் இருந்தால் எழுது, வாசிக்கிறேன், மாற்றமாட்டேன்.

வேறு காணி வாங்குவதென்றாலும், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே நிலம் வாங்க முடியாது, குத்தகைக்கே எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. கனடாக் குடியுரிமை எடுத்த அன்று நீ இழந்ததை மீளப் பெறுவதற்கு 55 வயது கடந்திருப்பதே ஒரு தகுதியாக ஏற்கப்படுகிறது, ஆகையால் அந்த விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்னே தொடங்கு. உன் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியைத் தங்கச்சி மாவட்டக் கச்சேரியில் எடுத்து அனுப்புவாள். ஆனால் உரிமை கைக்கு வந்த பிறகும் வாங்காதே. எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ஒருவர் தட்டுக்கூரை போட்டு இரண்டு மாடி கட்டினார். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அந்தக் கொங்கிறீற் இரவில் கக்கியது. ஒரு கச்சான்காற்றுக் காலம் முழுவதும் அவரும் மனைவியும் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள், அடுத்த கச்சானுக்கு அவர்கள் இங்கே இல்லை. இப்போது அந்த வீட்டை ஒரு நாயும், அந்த நாய்க்குச் சோறு வைக்க ஒரு மனிதரும் காவல் காக்கிறார்கள்.

இனி எந்த ஊர் என்ற கேள்விக்கு வருகிறேன். வட்டக்கச்சிக்கு வராதே. இதை எழுத எனக்கு நேரம் எடுத்தது. இரவில் உனக்கு இரத்தத்தில் சீனி இறங்கினால் ஓட்டோ பிடிக்கக்கூட யாரையாவது எழுப்ப வேண்டும், மருமகளோ மாலையானால் பேச ஆளில்லாமல் படலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். யாழ்ப்பாணம் அவளுடைய பக்கம் என்பது உண்மைதான், ஆயினும் அங்கே வாடகையும் காணி விலையும் உன்னைப் போன்றவர்கள் அனுப்பும் காசில் ஏறி நிற்கின்றன. திருகோணமலையின் கடற்காற்று இதமானது, ஆனால் அங்கே நமக்கு ஒருவரும் இல்லை. என் மனம் வவுனியாவில் நிற்கிறது. கொழும்புக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர், புகையிரதம் உண்டு, மன்னாருக்கும் திருகோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அங்கிருந்தே பேருந்து ஏறலாம், மாவட்டப் பொது வைத்தியசாலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. எனக்கும் உனக்கும் இடையில் ஏ9 வீதியில் ஒன்றரை மணி நேரப் பயணந்தான். காலையில் வெளிக்கிட்டால் மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்துவிடலாம். குருமன்காட்டில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஓட்டுக்கூரையாக இருக்க வேண்டும், மேற்குப் பக்கம் ஒரு மரமாவது நிற்க வேண்டும் என்று இரண்டே நிபந்தனை சொன்னேன்.

மேற்கு என்று நான் சொன்னதன் காரணம் உனக்கு மறந்திருக்கும். வைகாசி பிறந்ததிலிருந்து மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிறது, புரட்டாதிவரை ஓயாது. குடத்தின் மூடியில் காலையில் துடைத்த புழுதி மத்தியானத்துக்குள் மறுபடியும் விரலில் ஒட்டுகிறது. கொடியில் இரண்டாவது சேலையைப் போடுமுன் முதலாவது காய்ந்து விறைத்துவிடுகிறது. கிணற்றுக் கயிற்றுக்கு இந்த மாதம் மட்டும் இரண்டு முழம் கூட்டிக் கட்டியிருக்கிறேன். நிழலில் 35 பாகை என்பது அங்கிருந்து வாசிக்கும்போது சுகமான செய்தியாக இருக்கும். குளிரில் நோகும் முழங்கால் வெப்பத்தில் ஆறும் என்பதும் ஓரளவு மெய்தான். ஆனால் 35 வருடமாக வியர்க்காத உடம்பு, முதல் இரண்டு மாதம் நித்திரையின்றித் தவிக்கும். அதற்குக் குளிரூட்டி பூட்டலாமென்று நினைப்பாய். இங்கே மின்சாரக் கட்டணம் அலகு கூடக் கூட வீதமும் கூடும்படி அமைந்தது, குளிரூட்டி ஓடும் வீட்டின் பட்டியல் வேறு படியில் ஏறிவிடும். நீங்கள் விடுமுறைக்கு மூன்று கிழமை வந்து பாலைப்பழமும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய ஊர் வேறு, மின்விசிறியின் கீழே வேலையில்லாமல் படுத்திருக்கும் ஊர் வேறு.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வன்னிக் கிணறுகளில் சுண்ணாம்புத் தன்மை மிகுதி. என் கேத்தலின் அடியில் முட்டைக்கோது போல வெள்ளைப் படை பிடித்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போவதில்லை. வவுனியா, அநுராதபுரம் பக்கமெல்லாம் காரணம் இன்றுவரை தீர்மானமாகாத சிறுநீரக நோய் பலரை வாட்டுகிறது, சீனி வருத்தக்காரனான உனக்குச் சிறுநீரகம் ஏற்கனவே கவனிக்க வேண்டிய உறுப்பு. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வடிகட்டிய நீரையே வாங்க வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதே. அரசாங்க வைத்தியசாலையில் மருந்துக்கும் வைத்தியருக்கும் காசில்லை என்பது இந்த நாட்டின் பெரிய கொடை. ஆனால் கிளினிக் நாளில் நான் ஆறு மணிக்குப் போய் இலக்கம் எடுத்து, கொப்பியை அடுக்கில் வைத்து, சீமெந்து வாங்கில் பதினொரு மணிவரை இருந்து, மருந்தகத்தின் கண்ணாடி ஓட்டைக்கு முன்னே போனபோது, ஒரு குளிசை இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தந்த நாட்களும் உண்டு. மலேரியாவுக்கு மட்டும் பயப்படாதே. நீ சிறுவயதில் கிடந்து நடுங்கிய அந்தக் காய்ச்சல் இந்த நாட்டில் ஒழிந்துவிட்டதென்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. டெங்கு இருக்கிறது.

அங்கே நீ விடப்போவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தின் சுகாதார அட்டை, பன்னிரண்டு மாதத்தில் 212 நாள்வரை மாகாணத்துக்கு வெளியே இருப்பவருக்கே பொதுவாக நிலைக்கும். நான் நாட்காட்டியை வைத்து எண்ணினேன். நீங்கள் இருவரும் சித்திரை வருடப்பிறப்புக்கு, ஏப்ரல் 14 இல் வந்து இறங்கினால், நவம்பர் 10 அளவில் திரும்பும்வரை அட்டைக்குப் பங்கமில்லை. அந்த ஏழு மாதத்துக்குள் சித்திரை வெயிலும் கச்சானும் முழுதாக வந்துபோய், ஐப்பசி மாரியும் தொடங்கிவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த இரவில் எங்கள் முற்றத்தில் முழங்காலளவு நீர் நின்றதைத் தொலைபேசியில் சொன்னேன் அல்லவா, அந்தப் பெருமாரி உன் ஏழு மாதத்தில் அகப்படாது. மற்ற எல்லாம் அகப்படும். ஓய்வூதியத்தை அதுவரை தொடங்காதே, சேமிப்பிலிருந்து செலவழி, செலவை நாள்தோறும் ஒரு கொப்பியில் எழுது. ஐப்பசியில் அந்தக் கொப்பியை என்னிடம் கொண்டுவா, இருவரும் இருந்து கூட்டிப் பார்ப்போம். அதற்குப் பிறகு அங்கிருக்கும் வாடகை வீட்டை விடுவதா இல்லையா என்று நீ முடிவெடு.

கடைசியாக ஒன்று. உன் நான்கு பக்கக் கடிதத்தில் மருமகளின் எண்ணம் ஒரே வரியில் இருக்கிறது: அவவுக்கும் சம்மதம். பேக்கரியில் அவள் நிற்கும் வேலை அவளுக்குப் பிடித்ததென்றும், பிள்ளைகள் ஞாயிறுகளில் வீட்டுக்கு வருகிறார்கள் என்றும் முந்திய கடிதங்களில் எழுதியவன் நீதான். வவுனியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் யாருக்குச் சமைப்பாள் என்று கேட்டாயா? அவளுடைய பதிலை அவளுடைய கையெழுத்திலேயே எனக்கு அனுப்பு. அது வந்த பிறகே குருமன்காட்டு வீட்டுக்கு முற்பணம் கொடுக்கச் சொல்லுவேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: வரும்போது சீனி பார்க்கும் கருவிக்கான பட்டிகளை ஏழு மாதத்துக்குக் கணக்காகக் கொண்டுவா. தங்கச்சிக்குத் தடித்த குளிர்ச் சட்டை ஒன்றும் அனுப்ப வேண்டாம். போன முறை நீ அனுப்பியது நெல்லு மூட்டைக்கு மேலே கிடக்கிறது, பூனை அதில் குட்டி போட்டிருக்கிறது.