பதினொன்று வாங்கினவளுக்கு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பொங்கலே போய்விட்டது. திட்டிக்கொள். அம்மா நலம், பல் மட்டும் கட்ட வேண்டும். சின்னவன் பன்னிரண்டாவது என்பதால் வீட்டில் யாருக்கும் டிவி கிடையாது. ஜோதி கடைசியில் அந்த ஸ்கூட்டரை விற்றேவிட்டாள், நம்பு.

சரி, உன் ஜிம்மில் உடம்பின் அசைவைச் சோதித்து மார்க் போட்டுத் தந்தார்களே, அந்தப் பேப்பருக்கு வருகிறேன். 7 சோதனை, ஒவ்வொன்றுக்கும் 3 மார்க், மொத்தம் 21, உனக்கு 11. “14 வரவில்லை என்றால் அடிபடுவது நிச்சயம்” என்று அந்த ஜிம் பையன் சொன்னானாம், மேடம் நீயும் அன்றிலிருந்து எடை தூக்கும் பாரைத் தொடவில்லையாம். கணக்குப் பரீட்சையில் இதைவிடக் குறைவாக வாங்கிய அன்றே மேட்னி பார்த்தவளா நீ!

அந்த 14 எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதுவார்களே ஒரு ஃபுட்பால், அதன் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 46 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2007-இல் வந்தது. அவர்களில் 14-உம் அதற்குக் கீழும் வாங்கியவர்கள் அதிகம் அடிபட்டார்கள், உண்மைதான். அப்புறம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மார்க்கை வைத்து யாருக்கு அடிபடும் என்று நம்பிச் சொல்ல முடியவில்லை. வங்கியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் உனக்கு அந்தக் கோட்டைக் கிழித்தது யார்?

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பளுதூக்கும் மீராபாய் சானு 2020 அக்டோபரில் அமெரிக்கா போய் ஆரன் ஹார்ஷிக் என்ற பிசியோதெரபிஸ்டிடம் உடம்பைக் காட்டினார். தோளிலும் முதுகிலும் தொந்தரவு, ஸ்னாட்ச், அதாவது பாரை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது, இடறிக்கொண்டே இருந்தது. ஏன் இடறுகிறது என்று தேடினார்கள். மறு வருடம் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்னாட்ச்சில் 87, இரண்டு கட்டமாகத் தூக்கும் முறையில் 115, மொத்தம் 202 கிலோ, வெள்ளி. அங்கே ஒரு கேள்வி இருந்தது, அதற்காகப் பார்த்தார்கள். உன் ஜிம் பையனுக்குக் கேள்வியே இல்லை, பேப்பர்தான் இருக்கிறது.

நீ அனுப்பிய வீடியோவில் பாதி நேரம் மின்விசிறிதான் ஓடுகிறது. இருந்தாலும் கிடைத்ததைப் பார்த்தேன். ஸ்குவாட்டில், அதாவது குந்தி எழும் பயிற்சியில், நீ கீழே போகும்போது குதிகால் எழும்புகிறது. அதற்கு “இடுப்பு இறுக்கம்” என்று எழுதிவிட்டான். இறுக்கம் எங்கே என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. குதிகாலுக்கு அடியில் 2.5 கிலோ எடைத்தட்டு ஒவ்வொன்று வைத்துக்கொண்டு குந்தி உட்கார். நன்றாக இறங்கினால் கணுக்கால்தான் மடங்கவில்லை, இடுப்பைக் குறை சொல்லாதே. பளு தூக்குகிறவர்கள் ஷூவின் குதிகால் சும்மாவா உயரமாக இருக்கிறது? அதிலும் சரியாகவில்லை என்றால் ஒரு டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார். முன்னால் எடை இருந்ததும் ஆழமாக இறங்கிவிட்டால் மூட்டெல்லாம் சரி, பின்னால் சாய்ந்துவிடுவோமோ என்றுதான் நின்றிருக்கிறாய்.

முதுகு முன்னால் சாய்வதையும் தப்பு என்று குறித்திருக்கிறான். கொக்கு என்று உன்னைச் சும்மாவா கூப்பிட்டோம்? அந்தத் தொடை நீளத்துக்கு நீ சாயத்தான் வேண்டும். குள்ளச்சி நான் நிமிர்ந்து உட்காருவேன், அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

முட்டி கால்விரலைத் தாண்டக்கூடாதாம்! 2003-இல் அளந்தே பார்த்துவிட்டார்கள். முட்டிக்கு முன்னால் பலகை வைத்துத் தடுத்தபோது முட்டியில் திருப்புவிசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆனது. இடுப்பில் 28 இருந்தது 303 ஆனது. முட்டியில் மிச்சம் பிடித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள் பார். வலி இருக்கிறவருக்குக் கொஞ்ச நாள் அப்படிச் செய்யச் சொல்லலாம், நியாயம். உனக்கு வலியே இல்லையே.

எனக்குக் கோபம் அந்த மார்க்கில்கூட இல்லை. என்னிடம் பயிற்சிக்கு ஓர் அம்மா வருகிறார். முன்பு எங்கோ “உங்களுக்கு இடுப்பு கோணல்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் “எனக்குக் கோணல் மேடம்” என்று என்னிடம் ஒப்பிக்கிறார். தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்டில் 40 கிலோவை வலியில்லாமல் எடுத்து வைத்துவிட்டும் அதையே சொல்கிறார். அந்தப் பயத்தை எடுக்க எனக்கு எந்தப் பயிற்சியும் தெரியவில்லை, மீனா. நீயும் அப்படி ஆகிவிடாதே. முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று கால் நழுவினாலோ டாக்டரிடம் போ. இல்லையென்றால் தூக்கு.

அந்தப் பையன் பக்கத்தில் நின்று “மார்பைத் தூக்கு, வயிற்றை இறுக்கு, முட்டியை வெளியே தள்ளு” என்று அடுக்கினால் காதில் வாங்காதே. எழும்போது நமக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் என்ன சொல்வார்? “தரையை மிதி”, அவ்வளவுதான். கேப்ரியேல் வுல்ஃப் என்பவர் பல வருடம் ஆராய்ந்து சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: உடம்பின் உறுப்பை நினைப்பதைவிட வெளியே ஒன்றை நினைத்தால் அசைவு நன்றாக வருகிறது. மாஸ்டருக்கு இதைச் சொன்னால் “எனக்கு யாரும் சம்பளம் தரலையே” என்பார்.

வெறும் பாரில் ஆரம்பி. பெண்கள் பார் 15 கிலோ, உங்கள் ஜிம்மில் 20தான் இருக்கும், கேட்டுக்கொள். இன்னும் இரண்டு மூன்று தடவை எடுக்கலாம் என்று தோன்றும்போதே செட்டை நிறுத்து. ஃபோனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில், பாதம் முழுக்கத் தெரிகிற மாதிரி வை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, இல்லாவிட்டால் உன் கணக்கு மார்க்கை உன் பெண்ணிடம் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
கலா