செத்தூபலில் பார்த்த ஈயப்பற்று

அன்பு மகளுக்கு,

விருதுநகர் வந்து சேர்ந்து 10 நாளாகிறது. அம்மாவுக்குத்தான் இன்னும் தூக்கம் சரியாகவில்லை. போர்ச்சுகல் போய் லிஸ்பனில் பார்த்த கோட்டையும் தேவாலயங்களும் எனக்கு அதற்குள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பக்கத்து ஊரான செத்தூபலில் நீ கூட்டிப்போன மியூசியம் மட்டும் அப்படியே நிற்கிறது.

"இந்தத் தகர டப்பா பகுதியில் என்னப்பா இவ்வளவு நேரம்?" என்று கேட்டாய். அங்கே பதில் சொல்ல வாய் வரவில்லை, தாயி.

அந்தக் கட்டடமே சாளை மீனை டப்பாவில் அடைத்த பழைய பேக்டரிதானே. மீனைச் சுத்தம் செய்து அடுக்கியது பெண்கள். எண்ணெய் ஊற்றிய டப்பாவுக்கு மூடி வைத்து ஈயத்தால் பற்றவைத்தது ஆண்கள். அப்புறம் மூடியின் ஓரத்தை மடித்து இறுக்கும் இயந்திரம் வந்தது. ஈயம் தேவைப்படவில்லை, ஆளும் தேவைப்படவில்லை. அதை எதிர்த்து அவர்கள் போராடியிருக்கிறார்கள். பெண்களும் சும்மா இருக்கவில்லை. 1911 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில், அதே ஊரில், மரியானா தொர்ரெஸ் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார்.

நானும் 19 வருஷம் டின் பட்டறையில் 15 கிலோ எண்ணெய் டின்னுக்குப் பற்றுவைத்தவன். மூட்டில் ஆசிட்டைத் தொட்டு வைத்து, காய்ந்த இரும்பை ஒரே சீராக இழுக்க வேண்டும். கை நின்றால் ஈயம் கட்டி தட்டிவிடும். ஊசித்துளை அளவு விட்டாலும் மறுநாள் எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பட்டறைக்கும் மிஷின் வந்தது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. வேலை போனதை உன்னிடம் சொல்லவே இல்லை.

மேலே கலப்பை, அரிவாள் எல்லாம் வைத்திருந்தார்களே, 1975இல் மாணவர்கள் கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்தவை என்றாய். அவர்களை அனுப்பிய மிஷேல் ஜாக்கோமெத்தி கோர்சிகா தீவில் பிறந்தவராம். நாட்டுப்பாட்டைத் தேடித் தேடிப் பதிவு செய்தவர், பாடினவன் கையில் இருந்ததையும் விடவில்லை. பெரிய மனது.

பழைய டப்பாவைச் சுருட்டித் திறக்கும் சாவிக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ஷாவ் என்கிறார்கள் என்று சொன்னாயே, நம் சாவியே அந்த மொழியிலிருந்து வந்த சொல்தான் என்றதும் அம்மா நம்பவில்லை. இப்போது எதிர்வீட்டுக்கெல்லாம் அவளே சொல்கிறாள்.

வந்த மறுநாள் மாடிப்படிக்கு அடியில் தேடினேன். என் இரும்பு கிடைத்தது. பிடி உளுத்திருந்தது, மாற்றிவிட்டேன். செம்பு முனையை அரம் போட்டுத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். டிசம்பரில் வரும்போது பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு வா.

அப்பா