வண்டிக்குத் தெரியாத கறுப்பு

கிருஷ்ணகிரி
மார்ச் 9

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டாமல் ஒருவழியாக டாக்டரைப் பார்த்தாயே, நல்லது. நான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம் ஒரு சாண் நீளமுள்ள வண்டி.

பேத்தியின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தானாக ஓடும் ரோபோ செய்யப் போவதாகச் சொல்லி, பை நிறையச் சாமான்களோடு வந்து நின்றாள். மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, புரோகிராமை ஏற்றி வைக்கும் சின்னக் கணினி அட்டையான ஆர்டுயினோ போர்டு ஒன்று, அது சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் மோட்டார் டிரைவர், கோட்டைப் பார்க்க மூன்று சென்சார். முப்பது வருடம் டி.வி. ரிப்பேர் செய்த தாத்தாவுக்கு இது தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

சென்சாரில் அருகருகே இரண்டு சின்னக் கண்கள். நீலமாக இருப்பது தரையை நோக்கி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அடிக்கும். கறுப்பாக இருப்பது திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளும். வெள்ளைத் தரை கதிரைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். இடது சென்சாருக்குக் கீழே கறுப்பு வந்தால் வண்டி வலப்பக்கம் விலகிவிட்டது என்று அர்த்தம், இடது மோட்டாரின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். ஒரே மாலையில் எல்லாவற்றையும் கோத்து முடித்துவிட்டோம்.

மூன்று வெள்ளைச் சார்ட் அட்டைகளை ஒட்டி, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு விரல் அகலத்துக்கு அழகாகக் கோடு போட்டாள். வண்டியை வைத்தோம். கோடு என்று ஒன்று இருப்பதே தெரியாததுபோல் நேராகப் போய்க் கட்டில் காலில் முட்டி நின்றது.

மூன்று நாள், சேகர். சால்டரிங்கைப் பிரித்து மறுபடி வைத்தேன். அவள் புரோகிராமை நான்கு முறை மாற்றினாள். சென்சார் தரையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால்தான் நன்றாகப் பார்க்கும் என்று வாஷர் போட்டு இறக்கினேன். கடைசியில் அவளே சென்சார் தரும் எண்ணைக் கணினித் திரையில் வரவழைத்தாள். 0 முதல் 1023 வரை போகும் எண், கறுப்பைக் கண்டால் ஏற வேண்டும். வெள்ளை அட்டையில் 60. கோட்டின் மேல் வைத்தால் 75! பக்கத்தில் கிடந்த இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து ஒட்டிப் பார்த்தோம். 800க்கு மேலே போய்விட்டது.

பேனா மையின் கறுப்பு நம் கண்ணுக்கு மட்டும்தான் கறுப்பு. அந்தச் சாயம் அகச்சிவப்பை விழுங்குவதில்லை, அடியில் இருக்கும் வெள்ளை அட்டைதான் சென்சாருக்குத் தெரிகிறது. டேப்பில் கலந்திருப்பது கரி, அது எதையும் விடாது.

இதில் வெட்கம் என்னவென்றால், இது எனக்குத் தெரிந்த விஷயம். டி.வி.யின் முகப்பில் ரிமோட் கதிர் உள்ளே நுழையும் ஜன்னல் இருக்குமே, பார்வைக்குக் கன்னங்கரேல் என்றிருக்கும். ஆனால் அதன் வழியாகத்தான் அகச்சிவப்பு தாராளமாகப் போகிறது. எத்தனை டி.வி.யில் அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியிருப்பேன்! ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க மொபைல் கேமராவில் அந்தக் கதிரின் ஊதா ஒளியைத் தேடியவனும் நான்தான். வீட்டுக்குள் வந்ததும் புத்தி வேறாகிவிட்டது.

டேப் ஒட்டியதும் ஓடியது. ஆனால் நான்கு மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வெயில் அட்டையில் விழுந்தால் வழி தவறியது. வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறதல்லவா, மூன்று சென்சாரும் கண் கூசிப்போய் எங்கும் வெள்ளை என்றே சொல்லின. இந்த முறை ஏமாறவில்லை. கையில் கிடைத்த கறுப்புப் பிளாஸ்டிக்கை ஒதுக்கிவிட்டு, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சென்சாரைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கவிட்டோம். ரப்பரிலும் கரிதான். வெயில் அடங்கியது.

அட்டை இல்லாமல் கூடத்துக் கிரானைட் தரையிலேயே வெள்ளை டேப் ஒட்டி ஓட்டலாம் என்று என் மகன் ஒரு யோசனை சொன்னான். நம் ஊர்க் கல்லாயிற்றே என்று ஆசையாகத்தான் இருந்தது. பாலிஷ் போட்ட கல் கண்ணாடிபோல் கதிரைத் திருப்பி அடித்ததில், ஓரிடத்தில் கறுப்பு, அடுத்த அடியில் வெள்ளை என்று வண்டி தடுமாறியது. விட்டுவிட்டோம்.

உன்னிடம் ஒரு சந்தேகம். மோட்டார் வைண்டிங்கிலேயே ஆயுளைக் கழித்தவன் நீ. ஒரே கடையில் ஒன்றாக வாங்கிய இரண்டு மோட்டாரில் ஒன்று மட்டும் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. புரோகிராமில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் கொடுத்துச் சமாளித்திருக்கிறாள். பிரஷ்ஷா, கியரில் இறுக்கமா? பிரித்துப் பார்க்க எனக்குக் கை அரிக்கிறது. கண்காட்சி முடியும்வரை தொடக் கூடாது என்று உத்தரவு.

மாமரங்களில் பிஞ்சு பிடித்திருக்கிறது. மே மாதம் வா, செந்தூரா பழுத்திருக்கும். தருமபுரியில் ஐ.டி.ஐ. படித்தபோது நாம் வாங்கிய அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர் செட் உன்னிடம்தான் இருக்கிறது, மறந்துவிடாதே. இங்கே அதற்கு இப்போது வேலை வந்துவிட்டது.

அன்புடன்,
ராஜு