நன்றியுரைப் பக்கத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு

போன வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். நன்றியுரைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேற்பார்வையாளர், துறைத் தலைவர், அம்மா, அப்பா, அதோடு பக்கம் முடிந்தது. மற்ற எல்லாருக்கும் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவில்லை, போடாதே என்று பலர் சொன்னார்கள், சிலருடைய பெயர் எனக்கே தெரியாது.

"பிள்ளை இன்னும் படிக்கிறாவா?" என்று கேட்ட அன்ரிமாருக்கு நான் இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். 1946இல் தொடங்கிய மறுமலர்ச்சி, 1958இல் தொடங்கிய கலைச்செல்வி, 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை, இப்படியான ஈழத்துச் சஞ்சிகைகள் எப்படி உயிரோடு இருந்தன என்பதுதான் என் முதுதத்துவமாணி ஆய்வு. கதை, கவிதை பக்கம் நான் போகவில்லை. விளம்பரம், சந்தா அறிவித்தல், வாசகர் கடிதம், இதழ் பிந்தியதற்கான மன்னிப்பு, இவைதான் எனக்கு வேண்டும். தொகுப்புப் போடுகிறவர்கள் கதையை எடுத்துக்கொண்டு இதையெல்லாம் விட்டுவிடுவார்கள், பைண்ட் பண்ணுகிறவர்கள் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். ஆகவே முழு இதழாகவே கையில் கிடைக்கவேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோன ஒரு நாட்டில், அது பெரும்பாலும் யாருடையதோ வீட்டு அலுமாரியில்தான் கிடைக்கும்.

ஓரிடத்தில், பழைய சஞ்சிகைகளைக் கிலோக் கணக்கில் விற்றுவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி இல்லை.

2005இலிருந்து, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' என்ற தளத்துக்காகப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துவரும் முகம் தெரியாத அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் முதல் நன்றி. ஒரு பக்கத்தின் ஓரத்தில் உங்களில் ஒருவருடைய பெருவிரல் விழுந்திருக்கிறது. அதை மூன்று வருடத்தில் எத்தனை தரம் பார்த்திருப்பேன் தெரியுமா? வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் நான் கேட்காமலே மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து வைத்த அக்காவுக்கும் நன்றி. தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பக்கத்து மேசையில் இருந்து, என் பஸ் சிங்களத்தைக் கேட்டுச் சிரிக்காமல் கோரிக்கைச் சீட்டை நிரப்பித் தந்த நங்கி, நீங்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்றுகூட நான் கேட்கவில்லை.

2022 மார்ச்சை மறக்க ஏலாது. கடைசி நாட்களில் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்ட நேரம் அது, போட்டோகொப்பி விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. கடைக்கார அண்ணா என் 300 பக்கத்தையும் சின்னதாக்கி, ஒரு தாளில் நாலு பக்கம் விழும்படி இரண்டு புறமும் அடித்துத் தந்து, "கண்ணாடி வாங்கினால் பில்லை என்னட்டக் கொண்டு வாங்கோ" என்றார். அண்ணா, வாங்கிவிட்டேன். அறை தந்த அன்ரி, இரவில் நான் மெழுகுதிரியோடு பழந்தாள்களுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பயந்து தன்னுடைய சார்ஜ் லைட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவர் இருட்டில் இருந்ததை அடுத்த நாள்தான் கவனித்தேன்.

வகுப்பை எத்தனையோ தரம் தள்ளிப்போட்டும் வேறு ரியூஷனுக்கு ஓடாத என் சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளே, வாடகை உங்களால்தான் கட்டினேன்.

அப்புறம் சேர். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடற்கரைப் பக்கம் மாடி வீடு. அவரிடம் கலைச்செல்வி இருக்கிறது என்று ஒருவர் சொல்லி, அவரைத் தெரிந்த இன்னொருவர் சொல்லி, கடைசியில் போன் பண்ணினேன். "தரமாட்டன். வந்திருந்து பார்" என்றார். பதினொரு சனிக்கிழமை போனேன். பழைய சாரத்தில் சுற்றிய கட்டு, உள்ளே காய்ந்த வேப்பிலை. முதல் இரண்டு வாரம் பக்கத்தைக்கூட அவரே புரட்டினார், நான் வாசித்து முடிக்கும்வரை விரலைத் தூக்கிவைத்துக்கொண்டே இருப்பார். மூன்றாம் வாரம் என்னைப் புரட்ட விட்டுவிட்டு உள்ளே போய்ப் பிளேன்டீ கொண்டுவந்தார், ஆனால் கோப்பையை மேசையில் வைக்கவில்லை, ஜன்னலடிக்குப் போய்க் குடித்துவிட்டு வரவேண்டும். கொழும்புக்கு இடம்பெயர்ந்து வந்தபோது ஒரு சூட்கேசில் உடுப்பு, மற்றதில் இந்தக் கட்டு என்று ஒருநாள் சொன்னார். மேலே நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருடைய கட்டில் ஓர் இதழ் குறைவு. அது இணையத்தில் இருந்தது, பிரின்ட் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கங்களை எண்ணிப் பார்த்து, சாரத்துக்குள் அதற்குரிய மாதத்தில் வைத்தார்.

ஆய்வேட்டில் ஒரு பிரதி அவருக்கும் கொடுத்தேன். நேற்று இரவு ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. "142ஆம் பக்கம், மூன்றாவது அடிக்குறிப்பு. மாதம் பிழை."

பார்த்தேன் சேர். பிழைதான். வாய்மொழிப் பரீட்சை முடிந்ததும் திருத்துகிறேன்.