ஜார்ஜ் ஆண்டர்சன் அவர்களுக்கு

வணக்கம்.

1838 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் மயால் கிரீக் மாட்டுப் பண்ணை. நீங்கள் அங்கே குடிசையைப் பார்த்துக்கொண்ட ஆள். பிரிட்டனிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதி. மேலாளர் ஹாப்ஸ் மாடு ஓட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். அந்த நேரம் பார்த்து வாளும் துப்பாக்கியுமாகக் குதிரைக்காரர்கள் வந்தார்கள். பண்ணையை அண்டித் தங்கியிருந்த விராயராய் என்ற பூர்வகுடி மக்கள் காப்பாற்றச் சொல்லி உங்கள் குடிசைக்குள் ஓடி வந்தார்கள். வாட்டசாட்டமான ஆண்கள் பக்கத்துப் பண்ணையில் மரப்பட்டை வெட்டப் போயிருந்ததால், இருந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள்.

இவர்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்ப் பயமுறுத்தப் போகிறோம் என்றார்கள். எல்லாரையும் ஒரே நீளக் கயிற்றில் பிணைத்து இழுத்துப் போனார்கள். உங்கள் கூட்டாளி கில்மெய்ஸ்டர், தினமும் சாயங்காலம் அந்த மக்களோடு ஆடிப் பாடிக்கொண்டிருந்தவன், அவனும் கூடவே போனான். நீங்கள் போகவில்லை. சற்று நேரத்தில் உங்களுக்குக் கேட்டது இரண்டே இரண்டு வெடிச் சத்தம். குறைந்தது 28 பேருக்கு இரண்டு வெடி. மீதி வேலையை வாள் பார்த்துக்கொண்டது.

ஒரு பெண்ணை, அழகாக இருக்கிறாள் என்று உங்களிடம் விட்டுப் போனார்களாம். அந்த வரியை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை. உங்களை மகானாக்க எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் திரும்பி வந்த ஹாப்ஸ் புகார் கொடுத்ததும், நீங்கள் கூண்டில் ஏறிப் பெயர் பெயராகச் சொன்னதும் சின்ன விஷயமல்ல. பண்ணை முதலாளிகள் பணம் திரட்டிக் குற்றவாளிகளுக்கு வக்கீல் வைத்திருந்த காலம் அது.

முதல் விசாரணையில் ஜூரிக்குப் பதினைந்து நிமிடம் போதுமானதாக இருந்தது: பிடிபட்ட 11 பேரும் விடுதலை. எரிந்து கிடந்த உடல்களில் எது, கொல்லப்பட்டதாக வழக்கில் சொன்ன 'டாடி' என்ற பெரியவருடையது என்று யாரால் நிரூபிக்க முடியும்? அரசு வழக்கறிஞர் பிளங்கெட் விடவில்லை. ஒரு குழந்தையின் கொலைக்காக ஏழு பேரை மறுபடி நிறுத்தினார். டிசம்பர் 18 அன்று ஏழு பேரும் தூக்கில் தொங்கினார்கள். கும்பலைக் கூட்டி வந்த ஜான் ஃபிளெமிங் மட்டும் பிடிபடவே இல்லை. 1894 வரை வாழ்ந்தார், அதுவும் தேவாலயப் பொறுப்புகளோடு.

அதன்பின் கொலைகள் நின்றுவிடவில்லை. பத்து வருடத்தில் அரசே பூர்வகுடிப் போலீஸ் என்று ஒரு படை வைத்தது. அதிகாரிகள் வெள்ளையர்கள், சிப்பாய்கள் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்ட பூர்வகுடிகள். சுட்டுக் கொன்றுவிட்டு அறிக்கையில் 'கலைத்தோம்' என்று எழுதுவார்கள். கூட்டத்தைக் கலைப்பதுபோல.

சரி, நான் கேட்க வந்தது யின்டாயின்டின் பற்றி. பண்ணையில் வேலை செய்த பூர்வகுடி, டேவி என்று கூப்பிடுவீர்களே, அவரைத்தான். நீங்கள் கேட்டது சத்தம்; அவர் பின்னாலேயே போய், மறைந்து நின்று, கண்ணால் பார்த்தவர். கிறிஸ்தவர் இல்லை, பைபிளில் சத்தியம் செய்ய முடியாது என்பதால் அவர் சாட்சி செல்லாது. இருந்தும் மிச்சமிருந்த நால்வர் வழக்குக்கு அவரைத் தயார் செய்ய முயன்றார்கள். 1839 பிப்ரவரியில் தேடினால் ஆளைக் காணவில்லை. நால்வரையும் விட்டுவிட்டார்கள்.

அவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?