குழாய் வழியே மலையேறியவர்களுக்கு

இலங்கை மலையகத்துத் தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் பணிய லயத்தில் செங்கண்மாரி என்ற மஞ்சள் காமாலை பரவியபோது கைகொடுத்த எல்லோருக்கும் லயத்து மக்கள் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். என் மகளும் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

முதலில் வந்தவர்கள், "சுத்தமாக இருங்கள், தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் ஏறி வருகிறவள் ஈர விறகை ஊதிச் சோறு வடிப்பாளா, குடம் குடமாகத் தண்ணீர் காய்ச்சுவாளா?

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா, நீங்கள் மட்டும்தான் "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டீர்கள். தூறலில் எங்கள் பிள்ளைகளோடு குழாயைப் பிடித்துக்கொண்டே ஊற்றுவரை ஏறினீர்கள். மேட்டு லயத்துக் கழிப்பறைக் குழிக்கு நேர் கீழே, வெடித்த இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. நீங்கள் குந்தியிருந்து அதை அவிழ்த்தபோது கறுப்புச் சேறு வழிந்தது. இரவில் தொட்டியை அடைத்ததும் குழாய் வெறுமையாகி வெளிச்சேற்றை உள்ளே இழுக்கிறது என்று விளக்கினீர்கள். கிருமி உடம்பில் புகுந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் கண் மஞ்சளாகுமாம். அதனால்தான் குழாய்மேல் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

தாதி மிஸ்ஸி, கிளினிக்குக் கீழே இறங்கினால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும் என்பதை நாங்கள் சொல்லாமலே புரிந்துகொண்டீர்கள். அந்தியில் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலேயே எங்களைப் பார்த்தீர்கள். வாந்தி, பசியின்மை, மஞ்சள் சிறுநீர் என்று தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்த உங்கள் சின்னக் கொப்பியை நான் பார்த்தேன். அதற்காகவே தனியாக ஒரு நன்றி.

ஆசிரியர் தம்பிமாரே, 1948 இல் குடியுரிமையை இழந்த எங்கள் தாத்தாமாருக்கு வாக்கில்லை. வாக்கில்லாதவனின் தண்ணீர்ப் பீலியை யார் எட்டிப்பார்த்தார்கள்? பிறகு வாக்கு வந்தும், 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட வழிவிடாமல், தோட்டத்து வாசலோடு நின்றுகொண்டது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தை அச்செடுத்துக்கொண்டு எத்தனை தடவை சபைப் படி ஏறினீர்கள்! புதுக் குழாய் வந்தது உங்களால். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மண்வெட்டி பிடித்து, அதைக் கழிப்பறைப் பக்கமே போகாமல் மறுசரிவில் புதைத்தவர்கள் எங்கள் இளைஞர்கள். கழிப்பறைகள் இன்னும் போதாது. அடுத்த மனுவும் எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட எல்லோரும் வாருங்கள்.

தொங்கல் வீட்டு அப்பாயி, அந்த நாட்களில் கொதித்தாறிய தண்ணீரைப் பெரிய கேத்தலில் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்து லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தீர்கள். கடைசி வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த கேத்தலை மகள் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளே கொண்டுவந்து தருவாள்.

நன்றியுடன்,
பணிய லயத்துத் தாய் ஒருத்தி