ரெசிபில "பூசணிக்காய்"னு மட்டும் போட்டா எந்தப் பூசணிக்காய்னு எடுத்துக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஸ்கார்பரோல இருந்து எழுதுறேன், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், கனடா வந்து 11 வருஷம் ஆச்சு. உங்க பேப்பர் வந்ததும் நான் முதல்ல திருப்புறது சமையல் பக்கம்தான். இங்க அக்டோபர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின வாரம் பூசணிக்காய் பை (pie, மாவை விரிச்ச தட்டுல பூசணி மசியலை ஊத்தி ஓவன்ல வேக வைக்கிற இனிப்பு) செய்முறை போட்டிருந்தீங்க, தமிழ்ல அதைப் பார்த்ததும் எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஏன்னா இங்க செப்டம்பர் கடைசில இலையெல்லாம் சிவக்க ஆரம்பிச்சதும் பசங்க ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து "அம்மா நம்ம வீட்ல பை செய்யமாட்டோமா"ன்னு கேக்குறாங்க, நமக்கோ அது சின்ன வயசுல சாப்பிட்ட பண்டம் இல்ல, அம்மாகிட்ட போன் பண்ணிக் கேக்கவும் முடியாது. அப்ப நம்ம பாஷைலயே ஒரு செய்முறை கிடைச்சா அது பெரிய உதவி. அதனாலதான் இதைக் கோபமா எழுதலை, ரொம்ப அக்கறையோட எழுதுறேன்.

நீங்க போட்டிருந்தது இதுதான்: பூசணிக்காய் 2 கப், பால் டின் 1, சர்க்கரை 1 கப், முட்டை 2, பட்டைப் பொடி, மைதா, வெண்ணெய், 350 டிகிரில ஒரு மணி நேரம். படிக்க ஈஸியா இருந்துச்சு. ஆனா இதுல பாதி வார்த்தைக்கு நம்ம ஆளுங்ககிட்டயே ஒரே அர்த்தம் கிடையாது, அதை அந்த ஒரு மாசத்துலதான் புரிஞ்சுக்கிட்டேன்.

முதல்ல பூசணிக்காய். என் மாமியார் ஊர் கும்பகோணம், ஆறு மாசத்துக்கு இங்க வந்திருக்காங்க. நான் வேலைல இருந்து வர்றதுக்குள்ள எனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு பேப்பரைப் பார்த்து அவங்களே தமிழ்க் கடைல இருந்து பூசணிக்காய் வாங்கிட்டு வரச் சொல்லி, தோல் சீவி, துருவி, ரெண்டு கப் அளந்து வச்சிருந்தாங்க. பார்த்தா வெள்ளைப் பூசணி! அவங்க ஊர்ல பூசணிக்காய்னா அதுதான், மஞ்சளா இருக்குறது பரங்கிக்காய். எங்க ஊர்ப் பக்கம் அதையே மத்தங்காய்னு சொல்லுவோம். பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணம், அவங்களுக்குப் பூசணிக்காய்னா மஞ்சள்தான், வெள்ளை அவங்களுக்கு நீத்துப்பூசணி. ஒரே பேப்பரை மூணு வீட்ல படிச்சா மூணு காய் வாங்குவோம். "ஏம்மா, காசி அல்வாவுக்குப் போடுற காயாச்சே, இதை எப்படி மாவுக்குள்ள வச்சு வேக வைப்பாங்க, ஒரே தண்ணியா இருக்குமே"ன்னு அத்தை கேட்டப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு ராத்திரி அந்த ரெண்டு கப்பையும் நெய் விட்டுக் கிளறி காசி அல்வாவே பண்ணிட்டாங்க, வீடு பூரா மணம், பசங்க கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிட்டாங்க.

அடுத்த வாரம் சரி மஞ்சள்தானேன்னு, ஹாலோவீனுக்கு முகம் வெட்டுறதுக்காக ஃபார்ம்ல இருந்து வாங்கிட்டு வந்த பெரிய காய்ல ஒண்ணை எடுத்து வெட்டினேன். அதுவும் சரியில்லை. அந்தப் பெரிய காய் முகம் செதுக்குறதுக்குன்னே வளர்க்குறது, உள்ள நார் நாரா இருக்கும், தண்ணி ஜாஸ்தி, ருசி கம்மி. வேக வச்சு மசிச்சு ஊத்தினா பை ஒரு மணி நேரம் கழிச்சும் நடுவுல குளம் மாதிரி ஆடிக்கிட்டே இருந்துச்சு, அடி மாவு ஊறி சொதசொதன்னு ஆயிடுச்சு, அத்தனை வெண்ணெயும் போச்சு. எனக்கு உண்மைலயே அழுகை வந்துடுச்சு, ஏன்னா மறுநாள் லீவு, பசங்க ஆசையா உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

இங்க பைக்குன்னே சின்னதா ஒரு காய் விக்கிறாங்க, பை பம்ப்கின், சுகர் பம்ப்கின்னு பேரு, ஒரு கிலோ ரெண்டு கிலோக்குள்ள இருக்கும். அதை ரெண்டா வெட்டி விதையை எடுத்துட்டு, வெட்டின பக்கம் கீழ இருக்குற மாதிரி ட்ரேல கவுத்தி 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல முக்கால் மணி நேரம் வச்சா சதை தானா கழண்டு வரும். அப்புறம் முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு, மசிச்சதை சுத்தமான வேட்டித் துணில கட்டி ரெண்டு மணி நேரம் தொங்க விட்டுடணும். தயிர் வடிகட்டுறோமே அதே கதைதான், நான் கட்டினப்ப முக்கால் டம்ளர் தண்ணி இறங்குச்சு. அந்தத் தண்ணிதான் போன தடவை என் பையைக் கெடுத்தது. (விதையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, உப்பும் மிளகாத்தூளும் போட்டு அதே ஓவன்ல வறுத்தா அத்தைக்கு அதுதான் சாயங்கால நொறுக்ஸ்.) டின்ல வாங்குறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், ஒரே ஷெல்ஃப்ல பம்ப்கின் ப்யூரேன்னு வெறும் மசியல் ஒரு டின்னும் பம்ப்கின் பை ஃபில்லிங்னு ஒரு டின்னும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், ரெண்டாவதுல ஏற்கனவே சர்க்கரையும் மசாலாவும் போட்டிருப்பாங்க, அது மேல நீங்க சொன்ன சர்க்கரையையும் போட்டா வாய்ல வைக்க முடியாது.

அடுத்தது அந்தப் பால் டின். எவாப்பரேட்டட் மில்க்குனு ஒண்ணு இருக்கு, அது பாலைச் சுண்டக் காய்ச்சினது, சர்க்கரை கிடையாது. கண்டென்ஸ்டு மில்க்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது, அது பாதிக்குப் பாதி சர்க்கரை மாதிரி. நம்ம வீட்ல பால் டின்னுன்னா யாரா இருந்தாலும் கண்டென்ஸ்டைத்தான் எடுப்பாங்க, நானும் அதைத்தான் திறந்தேன். செய்முறைல இருந்தது அது இல்லைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் திறந்த டின்னை என்ன பண்றதுன்னு யோசிச்சப்பதான் இன்னொரு வழி கிடைச்சுது, அதைக் கடைசில சொல்றேன்.

சர்க்கரை. பக்கத்து வீட்டு அக்கா அதே செய்முறையைப் பண்ணி எனக்கு ஒரு துண்டு கொண்டு வந்தாங்க, பார்த்தா நல்ல கரும்பழுப்பு நிறம், சாப்பிட்டா அப்படி ஒரு ருசி, என்னக்கா போட்டீங்கன்னு கேட்டேன். "சர்க்கரை எண்டுதானே பிள்ளை பேப்பரில கிடக்கு, அதான் சர்க்கரை போட்டனான், சீனி எண்டால் சீனி எண்டு எழுதியிருப்பினம்தானே" அப்படீன்னாங்க. அவங்களுக்குச் சர்க்கரைன்னா வெல்லம் மாதிரி பழுப்பா இருக்குறது. எங்க நாகர்கோவில் பக்கமும் வெள்ளையை சீனின்னுதான் சொல்லுவோம், ஆனா கும்பகோணத்து வீட்டுக்கு வாழ வந்ததுல எனக்கே அது மறந்து போச்சு. என்னைக் கேட்டா அக்கா பண்ணதுதான் சரி, இங்க உள்ளவங்களும் இந்தப் பைக்கு பல பேர் ப்ரவுன் சுகர்தான் போடுறாங்க, பூசணிக்கும் வெல்லத்துக்கும் உள்ள பொருத்தம் நம்ம பரங்கிக்காய்ப் பால் கூட்டு சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியும்.

டிகிரி பத்தி ஒரே வரிதான். 350ன்னா ஃபாரன்ஹீட், செல்சியஸ்ல கிட்டத்தட்ட 177. உங்க பேப்பரை ஊர்ல இருக்குற சொந்தக்காரங்களும் போன்ல படிக்கிறாங்க, அங்க ஓடிஜின்னு சொல்ற சின்ன ஓவன்ல செல்சியஸ் கணக்குல 250தான் கடைசி நம்பர், 350ன்னு பார்த்தா அவங்க முழுசா திருகி வச்சுடுவாங்க.

கப்பு விஷயம் கொஞ்சம் பெருசு. அமெரிக்கா கப்பு கிட்டத்தட்ட 237 மில்லி, இங்க கடைல விக்கிற கப்பு 250 மில்லி. அதைவிட மைதாவை எப்படி அள்ளுறோம்ங்கிறதுதான் பெரிய வித்தியாசம், நான் தராசுல வச்சுப் பார்த்தேன், ஸ்பூனால மெதுவா போட்டு நிரப்பினா ஒரு கப்பு 125 கிராம் கிட்ட நிக்குது, கப்பை நேரா மாவுக்குள்ள விட்டு அழுத்தி அள்ளினா 155 வரைக்கும் போகுது. ரெண்டு கப்புக்கு 60 கிராம் வித்தியாசம்! அதுவும் இங்க ஆல் பர்ப்பஸ்னு விக்கிற மாவு கடின கோதுமைல அரைச்சது, புரதம் சுமார் 13 சதவீதம், பரோட்டாவுக்குப் பிசைஞ்சா அருமையா இழுக்கும், ஆனா பை மாவு இழுக்கவே கூடாது, உதிரணும். அதனால மாவு கூடிப்போய், அதைச் சேர்க்கத் தண்ணி கூட்டி, சப்பாத்தி மாதிரி நல்லா பிசைஞ்சும் விட்டோம்னா அட்டை மாதிரி ஆயிடும். வெண்ணெய் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ஜில்லோட, பட்டாணி பட்டாணியா மாவுக்குள்ள அப்படியே தெரியணும், அந்தத் துண்டுதான் ஓவன் சூட்டுல உருகி அதுல இருக்குற தண்ணி ஆவியாகி அடுக்கு அடுக்கா பிரிக்குது. கையால பிசையாம ரெண்டு கத்தியால வெட்டி வெட்டிக் கலந்தப்பதான் எனக்கு வந்துச்சு. தட்டுல விரிச்சதும் மேல பேக்கிங் பேப்பர் போட்டு பழைய புழுங்கல் அரிசியைக் கொட்டி வெறுமனே 20 நிமிஷம் வேக வச்சுட்டு, அரிசியை எடுத்துட்டு அப்புறம் பூசணியை ஊத்தினா அடி ஊறாது.

பட்டை பத்தி எழுதாம விட மனசு வரலை. இங்க சூப்பர் மார்க்கெட்ல சின்னமன்னு விக்கிறது பெரும்பாலும் காஸியா, தடிச்ச பட்டை, காரமா இருக்கும். இலங்கைப் பட்டை மெல்லிசா சுருட்டுக்குள்ள சுருட்டா இருக்கும், கையால நொறுக்கலாம், மணம் இனிப்பா வரும். அக்கா அதைக் கறுவான்னாங்க, எங்க அம்மாவும் கறுவாப்பட்டைன்னுதான் சொல்லுவாங்க, கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பேரு. பம்ப்கின் ஸ்பைஸ்னு சின்ன டப்பாக்கு இங்க எவ்ளோ விலை! மெக்கார்மிக் கம்பெனி 1934லயே அதை விக்க ஆரம்பிச்சாச்சு, உள்ள இருக்குறது பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, இல்லன்னா ஆல்ஸ்பைஸ், அவ்ளோதான். ஆல்ஸ்பைஸ்ங்கிறது கலவை இல்ல, அது ஒரு தனி மரத்தோட காய், தெரியாம என் தோழி ஒருத்தி அதுக்குப் பதிலா கரம் மசாலா போட்டுட்டா, சீரகமும் மல்லியும் மணக்க ஒரு பை வந்துச்சு பாவம். எங்க அம்மா ஒவ்வொரு வருஷமும் கிராம்பு அனுப்புவாங்க, எங்க மாவட்டத்து மலைல விளையுறது, கன்னியாகுமரி கிராம்புக்கு 2021ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. அதுல நாலும், ஒரு துண்டு சுக்கும், கால் ஜாதிக்காயும், கறுவாவும் போட்டு மிக்ஸில அடிச்சு அந்த மூடியைத் திறந்தப்ப, வெளில மேப்பிள் இலை கொட்டிக்கிட்டு இருந்தாலும், என் சமையல்கட்டு ஒரு நிமிஷம் ஊர்ல இருந்துச்சு.

அதே கறுவாவால ஒரு தோல்வியும் வந்துச்சு. பன் மாவுலயே தாராளமா போட்டுப் பிசைஞ்சேன், உப்பவே இல்ல. பட்டை ஈஸ்டை அடக்கிடும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, அதை மாவுல கலக்காம, உருட்டுறப்ப நடுவுல தூவணும். குளிருக்காக அந்த மாவை லைட்டு போட்ட ஓவனுக்குள்ள வச்சிருந்தேன், இட்லி மாவுக்கு நாம எல்லாரும் பண்றதுதான், ஆனா ஏற்கனவே அங்க இட்லி மாவு டப்பா ஒண்ணு ஓரமா இருந்தது ஞாபகமில்லாம சூடு பண்ணிட்டேன், பிளாஸ்டிக் மூடி உருகி கம்பியெல்லாம் வழிஞ்சு புகை அலாரம் அடிச்சு, நல்லவேளை பசங்க ஸ்கூல்ல இருந்தாங்க. தயவுசெஞ்சு எல்லாரும் ஓவன் கதவுல ஒரு சீட்டு ஒட்டி வச்சுக்கோங்க, நான் இப்ப ஒட்டியிருக்கேன்.

இப்ப அந்தக் கண்டென்ஸ்டு டின் கதை. அத்தை முட்டை சாப்பிடமாட்டாங்க. எல்லாரும் சாப்பிடறப்ப அவங்க மட்டும் காபி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குறது எனக்குப் பிடிக்கலை. அதனால வடிகட்டின பூசணி மசியல் 425 கிராம், திறந்த கண்டென்ஸ்டு மில்க் 300 மில்லி டின் முழுசு, சீனி எதுவும் வேண்டாம், கால் கப் பால்ல கரைச்ச சோள மாவு 3 டேபிள்ஸ்பூன், மசாலாப் பொடி ரெண்டு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, இதெல்லாம் அடுப்புலயே வச்சு கொப்புளம் வந்து கெட்டியாகுற வரைக்கும் கிளறி, வெந்த மாவுத் தட்டுல ஊத்தி 350 ஃபாரன்ஹீட்ல 25 நிமிஷம் வச்சேன். ஆறினதும் ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ். காலைல வெட்டினா துண்டு அப்படியே நின்னுச்சு. அத்தை முதல் வாய் சாப்பிட்டுட்டு ஒண்ணும் சொல்லலை, ரெண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டுனாங்க. நவராத்திரிக்கு இதையே நைவேத்தியமா வைக்கலாமான்னு கேட்டாங்க, நான் அடுத்த வருஷம் வைக்கிறதா சொல்லியிருக்கேன்.

ஆசிரியர்கிட்ட கேக்குறது இதுதான், இனிமே செய்முறை போடுறப்ப கிராம் கணக்கு போடுங்க, டிகிரிக்குப் பக்கத்துல ஃபாரன்ஹீட்டா செல்சியஸான்னு எழுதுங்க, காய்க்கும் சர்க்கரைக்கும் ஒரு ஊர்ப் பேரை மட்டும் போடாம பரங்கி, மத்தங்காய், மஞ்சள் பூசணின்னு மூணையும் போடுங்க, அதுக்கு ஒரு வரி இடம் போதும். அதோட செஞ்சு பார்த்தவங்களுக்கு எங்க தப்பாச்சுங்கிறதையும் கேட்டு வாங்கி அதே பக்கத்துல போடுங்க. அடுத்து ஆப்பிள் பை போடப் போறதா இருந்தா எந்த ஆப்பிள்னு கண்டிப்பா எழுதணும். மெக்கின்டாஷ் நம்ம ஒன்டாரியோ டண்டேலா கிராமத்துல 1811ல கண்டெடுத்த வகை, அப்படியே கடிச்சுத் திங்க அதுக்கு ஈடில்லை, ஆனா ஓவன்ல கூழாயிடும், பைக்குத் துண்டு துண்டா நிக்கிறது நார்தர்ன் ஸ்பை. போன சனிக்கிழமை ஒரு கூடை பறிச்சுட்டு வந்திருக்கோம், நீங்க போடுறதுக்குள்ள தீர்ந்துடும் போல இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்கார்பரோ